டிக்கிக்குள் சத்தம்

முதலில் அது டயரில் கல் மாட்டிக்கொண்ட சத்தம் என்றுதான் அவர் நினைத்தார். டயர்க் கீற்றுக்குள் பொடிக்கல் ஒன்று சிக்கினால் இப்படித்தான் டொக் டொக்கென்று கேட்கும். சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் ஓரங்கட்டி, இறங்கி, நாலு சக்கரத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். கல்லைக் காணோம். மறுபடி ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த மனைவியிடம் "கல்லு இல்ல" என்றார். அவர் வாயை மூடவில்லை, பின்னால் டிக்கிக்குள் யாரோ விரல் முட்டியால் தட்டியது போல டொக் என்றது. வண்டி அப்போது கிளம்பக்கூட இல்லை. அது அவருக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

அவர் பல் செட் செய்கிறவர். ஒரு பல் நூல் அளவு தூக்கலாக இருந்தாலும் வாய்க்குச் சொந்தக்காரர் சாப்பிட முடியாமல் தவிப்பார் என்று தெரிந்த கை. லீவு நாளானால் அதே கை வீட்டு ஷெட்டில், தன் கல்யாணத்தைவிட வயதில் மூத்த ஒரு காரின் வயிற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கிடக்கும். மெக்கானிக்குகளை அவர் நம்புவதில்லை. கழற்றத் தெரிந்தவர்களே ஒழிய காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் கட்சி. புது கார்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மைத்துனன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, "நல்லாத்தான் இருக்கு மச்சான், செல்போனுக்கு நாலு சக்கரம் வெச்ச மாதிரி" என்றார். "உங்க வண்டிக்கு ஹாரனே வேணாம் மாமா, தெருமுனையில வர்றப்பவே நாங்க கேட்டைத் திறந்துடலாம்" என்று அவனும் விடவில்லை.

அவன் சொன்னதில் தப்பில்லை. போன வருஷம் வாங்கி வந்தபோது வண்டி ஒரு பாத்திரக்கடை மாதிரிதான் இருந்தது. சைலன்சரை ஒட்டினார். கதவுகளின் ஆட்டத்தை எடுத்தார். சீட்டு ஸ்பிரிங், ஜன்னல் கண்ணாடி, டேஷ்போர்டு என்று ஒவ்வொரு சத்தமாகத் தேடிப் பிடித்து வாயை அடைத்தார். எல்லாச் சத்தமும் அடங்கி, ஓட்டுவது தெரியாமல் வண்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தட்டல் தலைகாட்டியது. இத்தனை நாளும் மற்ற சத்தங்களுக்கு அடியில் இது இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து காரில் பேச்சு கூடாது என்று ஆயிற்று. தினமும் மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடை வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு, கால்வாய் ஓரமாக வந்து, மேம்பாலத்துக்கு அடியில் புகுந்து வீட்டுக்குப் போவார்கள். நாள் முழுக்க நின்ற கால்களை நீட்டிக்கொண்டு அவள் ஏதாவது சொல்ல ஆரம்பிக்கும் நேரம் அதுதான்.

"இன்னிக்கு டாக்டரைப் பார்த்தேன். அவர் என்ன சொல்றாருன்னா..."

"இரு இரு. கேக்குதா?"

அவள் நிறுத்தினாள். மறுநாள், "அந்த ரிப்போர்ட் வந்துடுச்சுங்க" என்றாள்.

"ஒரு நிமிஷம்மா. இந்த வேகத்தடை தாண்டட்டும்."

வேகத்தடை தாண்டியது. அவர் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு அடுத்த வேகத்தடைக்குக் காத்திருந்தார். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் காரில் எதையும் ஆரம்பிக்கவில்லை. வசதியாகப் போயிற்று என்றுதான் அவருக்குத் தோன்றியது.

ஸ்டெப்னியை எடுத்தார். ஜாக்கி, ஸ்பானர் பை, பழைய கார்ப்பெட் எல்லாவற்றையும் வெளியே போட்டார். டிக்கி விளிம்பின் ரப்பர் காய்ந்து போயிருந்தது. புது ரப்பர் வாங்கி, பசை தடவி, இருட்டில் உள்ளே விளக்கைப் போட்டு வைத்து ஒரு ஊசிமுனை வெளிச்சம்கூட வெளியே வராதபடி ஒட்டினார். மூடியின் பூட்டு லொடலொடத்தது; அதற்கும் ஒரு வாஷர் கொடுத்து இறுக்கினார். இப்போது சாவி போடாமல் யாராலும் அதைத் திறக்க முடியாது. இவ்வளவும் செய்து முடித்து மறுநாள் ஓட்டியபோது சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து ஒன்று.

மைத்துனன் போன் செய்தபோது அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

"மாமா, அக்காவுக்கு மேல் ரூமை ஒழிச்சு வெச்சிருக்கேன். பெட்டி பெரிசா இருந்தா சொல்லுங்க, நான் வந்து எடுத்துக்கறேன்."

"எந்தப் பெட்டி?"

"ஆபரேஷனுக்கு வர்றா மாமா. அதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

"சொல்லலையே."

"சொல்லிச் சொல்லிப் பார்த்தாளாம். ஆபரேஷன் முடிஞ்சாலும் அங்க திரும்பிப் போறதா இல்லன்னு சொல்றா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அவர் மல்லாந்து கிடந்தார். மூக்குக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரும்பு. நெஞ்சு அடைக்கும், கை நடுங்கும் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ஊசி போட்ட ஈறு போல எல்லாம் மரத்துக் கிடந்தது. தொட்டால் தொட்டது தெரிகிறது, வலி மட்டும் இல்லை.

அவளை இழக்க அவருக்கு விருப்பமில்லை. அது நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் அடுப்படிக்குப் போய் அவள் முன்னால் நின்றபோது வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்தச் சத்தத்தை மட்டும் கண்டுபிடிச்சுட்டேன்னா வண்டியைக் குடுத்துடறேன். சத்தியமா. சத்தத்தோட எப்படிக் குடுக்கறது, சொல்லு."

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். "நீங்க பேசினாத்தான் அது தட்டுது. நான் பேசினா தட்டறதில்ல. இத்தனை நாள்ல அதைக் கவனிச்சதே இல்லையா?"

காலையில் ஷெட்டுக்குப் போய், எஞ்சினைப் போடாமல், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து "யாரது" என்றார். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. டொக் டொக். பொறுத்து, டொக். அவர் "கிளட்ச்" என்றார். "கார்புரேட்டர்" என்றார். ஒவ்வொன்றுக்கும் தட்டியது. கடைசித் தடவை தட்டல் நிற்காமல், அவசர அவசரமாக, கதவைத் திறக்கச் சொல்கிறவர்கள் தட்டுவது போல வந்தது. இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். வெறும் தகரம். பசை வாடை. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். குரலின் அதிர்வுக்கு ஏதோ ஒரு தகடு சேர்ந்து அதிர்கிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொன்னதை அவரே நம்பவில்லை. ஆனாலும் வேலைக்குக் கிளம்ப அது போதுமாக இருந்தது.

வண்டியை விற்றவருக்குப் போன் போட்டார். அந்த ஆள் கார்ப் பைத்தியம் என்று தரகர் சொல்லியிருந்தார். எஞ்சினைத் திறந்து பார்த்தபோது அதில் இருந்த கைவேலையே அதைச் சொன்னது. ஒரு நட்டுகூட அவசரத்தில் முடுக்கியதாக இல்லை.

"டிக்கியில ஒரு சத்தம் வருதுங்க. உங்ககிட்ட இருந்தப்ப வந்துச்சா?"

"வண்டியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே" என்றார் விற்றவர், சந்தோஷமாக. பின்னால் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வது கேட்டது.

"நீங்கதானே இதை இவ்வளவு பார்த்துப் பார்த்து..."

"அதெல்லாம் விட்டாச்சுங்க. இப்ப வீடு உண்டு, இவ உண்டு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உள்ளே படுத்துப் பார்த்தீங்களா? வெளியில நின்னு கேட்டா எப்படித் தெரியும். வேற யாரையாவது ஓட்டச் சொல்லிட்டு, நீங்க உள்ளே படுத்துப் பாருங்க."

அது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. சத்தம் தேடுகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தெருவில் வெயில் வெள்ளையாக விழுந்து கிடந்தது. கூடத்தில் அவள் பெட்டி மூடித் தயாராக இருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போனார்கள். சாவியை அவளிடம் கொடுத்தார். அந்தக் காரை அவள் ஓட்ட அவர் விட்டது அதுதான் முதல் தடவை. "கால்வாய் வரைக்கும் போய்த் திரும்பிடு. நான் பலமா உதைச்சா நிறுத்தித் திற."

"இது கடைசி" என்றாள்.

"கடைசி."

போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார், படுத்தால் அழுத்தும். டார்ச்சை மட்டும் வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தார். மூடி இறங்கியது. ரப்பர் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒரு கீற்று வெளிச்சம் இல்லை. நல்ல வேலை, என்று நினைத்துக்கொண்டார்.

டார்ச்சைப் போட்டுச் சுற்றிலும் பார்த்தார். தகரம், வெல்டிங் தழும்பு, பின் சீட்டைத் தாங்கும் அட்டைத் தடுப்பு. காதுக்கு இருட்டுதான் நல்லது என்று அணைத்தார். வண்டி நகர்ந்தது. சூடான ரப்பரின் வாடையும் பெட்ரோலின் வாடையும் மூச்சில் கலந்து தொண்டையில் உட்கார்ந்தன. அடியில் சாலை ஒரே சீராக உறுமிக்கொண்டு ஓடியது. அட்டைக்கு அந்தப் பக்கம் அவள் கியர் மாற்றுவதும், ஒருமுறை இருமுவதும், வளையல் ஸ்டீயரிங்கில் உரசுவதும் பக்கத்தில் இருப்பது போலக் கேட்டன. தட்டல் மட்டும் இல்லை. அப்புறம்தான் நினைவு வந்தது. பேச வேண்டும்.

என்ன பேசுவது? இறங்கியதும் அவளிடம் சொல்ல இரண்டு நாளாக மனசுக்குள் உருட்டி வைத்திருந்தது ஒன்று இருந்தது. அதையே சொல்லிப் பார்த்தார், மெதுவாக.

"தப்புதான்மா. நான் கேக்கவே இல்ல. இப்ப சொல்லு, கேக்கறேன்."

டொக் டொக்.

தகரத்தில் இல்லை. அவர் பிடரிக்குப் பின்னால், ஒரு கை எட்டும் தூரத்தில். கையைப் பின்னால் நீட்டினார். நீட்ட முடிந்தது. முழங்கை நிமிர, தோள் நிமிர, விரல்கள் எதிலும் படாமல் போய்க்கொண்டே இருந்தன. டிக்கி அவ்வளவு அகலம் இல்லை. அவர் அளந்திருக்கிறார்.

கையை இழுத்துக்கொண்டார். உதைத்தார்.

வண்டி நின்றது. அவள் கதவு. செருப்புச் சத்தம். சாவி நுழைந்தது, திரும்பியது. மூடி தூக்கப்படும் ஓசை, அவர் எண்ணெய் விட்ட கீல், அவருக்குத் தெரியாதா.

வெளிச்சம் வரவில்லை.

காற்று வரவில்லை. கண்ணைத் தேய்த்தார். இருட்டு. வண்டியின் பின்பக்கம் ஒரு ஆள் பாரம் குறைந்தது போல லேசாக மேலே எழும்பியது.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றாள் அவள், தலைக்கு மேலே.

"ம்." அது அவர் குரல். "ஒண்ணுமில்ல. நீ இந்தப் பக்கம் உக்காரு, நான் ஓட்டறேன்."

மூடி இறங்கியது.

அவர் கத்தினார். வாய் திறந்தது, தொண்டை இழுத்தது. சத்தம் மட்டும் இல்லை. குரல் முன் சீட்டில் இருந்தது.

வண்டி கிளம்பியது. அட்டைக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் பேசியது, மெதுவாக.

"தப்புதான்மா. நான் கேக்கவே இல்ல. இப்ப சொல்லு, கேக்கறேன்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவள் அழுதாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

அவர் விரல் முட்டியால் தட்டினார். இரண்டு தட்டு. பொறுத்து ஒன்று. அவருக்குத் தெரிந்தது அந்தத் தட்டுத்தான்.

"சத்தம் இன்னும் வருதே" என்றாள்.

"வரட்டும். நீ சொல்லு."

அவள் சொன்னாள். டாக்டர் சொன்னதை, ரிப்போர்ட்டைக் கடை மேசைக்குக் கீழே வைத்துத் தனியாகப் படித்ததை, ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்ததை. கத்தி வைப்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றாள். அந்தக் குரல் எதற்கும் அவசரப்படாமல் உம் கொட்டிக்கொண்டே வந்தது. நடுவில் ஒருமுறை அவள் சிரித்தாள். அது அவள் சிரிப்பு என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர் தட்டுவதை நிறுத்தினார். கேட்டுக்கொண்டே கிடந்தார். பயம் வரவேண்டிய இடத்தில் மரமரப்பு மட்டும் காலிலிருந்து மெல்ல ஏறியது.

வண்டி நின்றது. இரண்டு கதவுகள். இரண்டு பேர் நடை, சேர்ந்து, தூரமாக. வீட்டுக் கதவு சாத்தப்பட்டது.

டார்ச் கையில்தான் இருந்தது. பொத்தான் கட்டைவிரலுக்கு அடியில். அவர் அழுத்தவில்லை. முதுகுக்குப் பின்னால், அந்த இருட்டில், அவர் காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டு யாரோ கொஞ்சம் ஒதுங்கிப் படுத்தார்கள்.