மண்ணச்சநல்லூர் மிஷின்கள்

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் இருந்த மிஷின்கள் எல்லாம் ஒருநாள் எழுந்து நடக்கத் தொடங்கின. நெல் அரைத்தது போதும், இனிமேல் ஊரை ஆளலாம் என்று அவை முடிவு செய்திருந்தன. கொள்ளிடத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, காவிரிப் பாலத்தின்மேல் வரிசையாக வந்தன. மலைக்கோட்டை உச்சியில் திருச்சி மக்கள் பீரங்கியோடு காத்திருந்தார்கள்.

இதுதான் ஜஹானாரா வரைந்த சினிமாவின் கதை.

ஜஹானாராவுக்குப் பதினொரு வயது. திருச்சி பாலக்கரையில் வீடு. அவளுடைய அத்தா ஹனீஃபா, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். 1962-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், பினாங்கிலிருந்து கப்பலில் வந்த மாமா அவளுக்கு ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார். அது படம் காட்டும் பெட்டி. உள்ளே பேட்டரியில் எரியும் ஒரு பல்பு, முன்னால் ஒரு கண்ணாடி வில்லை, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. பிலிமைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினால் சுவரில் படம் ஓடும்.

கூடவே வந்த பிலிமில் ஒரு குரங்கு வாழைப்பழம் தின்றது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியதில், அந்தக் குரங்கு ஒரே வாரத்தில் ஒரு தார் பழத்தைத் தின்றுவிட்டது. பிறகு பிலிம் கிழிந்து போனது.

அடுத்த வீட்டுக் கிளமென்ட்தான் வழி சொன்னான். டாக்கீஸில் படம் ஓட்டுபவரைக் கேட்டால் வெட்டிப் போட்ட பிலிம் துண்டுகள் கிடைக்கும், அதைக் கழுவிவிட்டு நாமே வரையலாம் என்றான். அவனே போய்க் கேட்டு வாங்கியும் வந்தான். சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தபோது, பிலிமில் இருந்த ராஜா, ராணி, குதிரை எல்லாரும் கறுப்புத் தண்ணீராக ஓடிப்போனார்கள். கண்ணாடி போன்ற வெறும் பிலிம் மிஞ்சியது.

கிளமென்ட் அவள் வகுப்புதான். அவன் அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கிளமென்ட்டின் இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலில் தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரண்டு இரும்புக் கம்பிகளும் தோல்வாரும் கட்டியிருப்பான். நடக்கும்போது அந்தக் காலை வெளிப்பக்கமாக வீசி, அரைவட்டம் போட்டுக் கீழே வைப்பான். டக் என்று சத்தம் வரும்.

அத்தாவின் கறுப்புப் பெயிண்டையும் மிக மெல்லிய தூரிகையையும் எடுத்துக்கொண்டு ஜஹானாரா வரைய உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டமும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு கட்டத்தில் மிஷின் காலைத் தூக்கினால், அடுத்த கட்டத்தில் இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். ஒரு மிஷின் பத்தடி நடக்க அவளுக்கு ஒரு நாள் ஆனது.

முதல் துண்டை ஓட்டிப் பார்த்தபோது கிளமென்ட் சிரித்தான். மிஷின் நம்ம பால்காரரைப் போல நடக்கிறது, கையில் சொம்புதான் இல்லை என்றான். அவன் சொன்னது உண்மைதான். மண்ணெண்ணெய் தொட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். பலமுறை தவறிய பிறகு, ஒருநாள் மாலை கை தானாகவே ஓடியது. மனித நடையாக இல்லாமல் வேறு ஒரு நடை வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிக்கவே இல்லை.

அதற்குள் பேட்டரி தீர்ந்து போயிருந்தது. படம் காட்டும் அன்றுதான் புது பேட்டரி என்று அத்தா சொல்லிவிட்டார். அதனால் வரைந்ததை ஓட்டிப் பார்க்காமலே விடுமுறை முழுவதும் வரைந்து முடித்தாள்.

பள்ளி திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அவள் வீட்டு மாடியறைக்கு வந்தார்கள். ஜன்னல்களைச் சாத்தி, சுவரில் அத்தாவின் வெள்ளை வேட்டியைக் கட்டினார்கள். கைப்பிடியைச் சுற்றும் பொறுப்பு கிளமென்ட்டுக்கு. சீராகச் சுற்ற அவனுக்குத்தான் தெரியும்.

படம் ஓடியது. காவிரிப் பாலத்தின்மேல் மிஷின்களின் ராஜா வந்தது. ஒரு காலை வெளிப்பக்கமாக வீசி, அரைவட்டம் போட்டுக் கீழே வைத்தது. மறுபடி வீசி, மறுபடி வைத்தது.

"டேய், கிளமென்ட் வரான் பாரு!" என்றான் முன்வரிசையில் இருந்த நசுருதீன்.

அறை முழுவதும் சிரிப்பு. அந்த நடை யாருடையது என்று அப்போதுதான் ஜஹானாராவுக்கும் தெரிந்தது. தினமும் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் பக்கத்தில் பார்த்த நடை.

கைப்பிடி நிற்கவில்லை. அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மலைக்கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்தது. குண்டு பட்டு மிஷின் ராஜாவின் கால் முட்டியோடு ஒடிந்தது. ராஜா தள்ளாடிக் காவிரியில் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வெறும் பிலிம் வந்து வேட்டி வெள்ளையாகும் வரைக்கும் கிளமென்ட் சுற்றினான்.

பிள்ளைகள் ஜஹானாராவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் வத்ஸலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டிலும் காட்ட வேண்டும் என்று கேட்டாள். ஜஹானாரா உடனே சரி என்றாள். சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். பெட்டியின் பக்கத்தில் யாரும் இல்லை. மாடிப்படியில் டக், டக் என்று சத்தம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் பள்ளியில் கிளமென்ட்டுக்கு 'மிஷின்' என்று பெயர் வந்துவிட்டது. முதல் நாள் அவனும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தான். அடுத்த நாள் சிரிக்கவில்லை. அதற்கடுத்த நாள் இடைவேளையில் வகுப்பை விட்டு வெளியே வரவில்லை. பள்ளிக்குப் போகும்போதும் ஜஹானாராவுக்காகக் காத்திருக்காமல் முன்னாலேயே போய்விட்டான்.

அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று ஜஹானாரா பையன்களிடம் சண்டைக்குப் போனாள்.

"நாங்களா வரைஞ்சோம்? நீதானே வரைஞ்ச," என்றான் நசுருதீன்.



அன்று மாலை அவள் கிளமென்ட் வீட்டுக்குப் போனாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து காலிலிருந்த தோல்வாரைக் கழற்றிக்கொண்டிருந்தான். வேண்டுமென்று செய்யவில்லை, படம் ஓடும்வரை தனக்கே தெரியாது என்று அவள் வேகவேகமாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே கம்பிகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தான். கம்பி அழுத்திய இடம் தோலில் சிவந்து கிடந்தது.

"வேணும்னு செய்யலைன்னு எனக்கும் தெரியும்," என்றான். "நடை நல்லாத்தான் வந்திருந்துச்சு. அதுகூடப் பரவாயில்ல."

"அப்புறம் ஏன் வர மாட்டேங்கிற?"

"அதோட கால் ஒடிஞ்சு விழுந்தப்ப எல்லாரும் கைதட்டினாங்க. நீயும் தட்டினே."

ஜஹானாரா இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவள் கைகளுக்கு ஞாபகம் இருந்தது. எல்லாரும் தட்டியபோது அவையும் தட்டியிருந்தன.

வீட்டுக்கு வந்து பிலிமை எடுத்தாள். மண்ணெண்ணெயில் பழந்துணியை நனைத்து, முதல் கட்டத்திலிருந்து துடைக்கத் தொடங்கினாள். இரண்டு மாதம் வரைந்தது அது. மலைக்கோட்டை போயிற்று. பாலம் போயிற்று. மிஷின் ராஜா விழும் இடம் வந்தபோது இன்னும் அழுத்தித் துடைத்தாள். அத்தா வந்து பார்த்துத் திகைத்துப்போய், எவ்வளவு அழகாக வந்திருந்தது, ஏனம்மா அழிக்கிறாய் என்று கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிலிமின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் வத்ஸலாவிடம் படம் இல்லை என்று சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. வத்ஸலா தெரு முழுவதும் சொல்லி வைத்திருந்தாள். முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு காரணத்தைக் கேட்டாள்.

"நானும்தான் சிரிச்சேன்," என்றாள். "புதுசா வரைஞ்சு எப்போ முடியறதோ அப்போ காட்டுங்கோ. நீயும் கிளமென்ட்டும் ரெண்டு பேரும் வரணும்."

ஜஹானாரா வெறும் பிலிம் சுருளைக் கொண்டுபோய்க் கிளமென்ட்டின் கட்டிலில் வைத்தாள். மனிதர்களை நான் வரைகிறேன், மிஷினை நீ வரை, எப்படி வரைந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றாள். தனக்கு வரையத் தெரியாது என்றான் அவன். தூரிகையையும் பெயிண்டையும் சுருளின் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் வந்துவிட்டாள்.

பல நாள் வரை அவனிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. ஒரு சனிக்கிழமை, அவன் தம்பி வந்து அவளைக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தாள். மூக்கிலும் சட்டையிலும் பெயிண்டோடு கிளமென்ட் உட்கார்ந்திருந்தான். பிலிமில் பாதிக்குமேல் மிஷின்கள் நடந்துகொண்டிருந்தன. டப்பாவுக்குக் கால் முளைத்தது போல எல்லாம் கோணல் மாணலாக இருந்தன. ஆனால் ராஜா ஒரு காலை வெளிப்பக்கமாக வீசித்தான் நடந்தது.

ஜஹானாரா அவனைப் பார்த்தாள்.

"அது அப்படித்தான் நடக்கும்," என்றான் கிளமென்ட்.

மீதிப் பிலிமை இருவரும் சேர்ந்து முடித்தார்கள்.

ஆடி மாதம், காவிரியில் தண்ணீர் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினார்கள். பெட்டியை ஜஹானாரா மடியில் வைத்திருந்தாள். வத்ஸலா வீட்டுக் கூடத்தில் இருபது குழந்தைகளுக்குமேல் காத்திருந்தார்கள். நசுருதீனையும் வத்ஸலா வரச் சொல்லியிருந்தாள். மிஷின்கள் சித்திரை வீதி வழியாக வரக் கூடாது, வந்தால் கோயில் தேருக்கு வழியிருக்காது என்று ஒரு சின்னப் பெண் முன்கூட்டியே எச்சரித்தாள். கொள்ளிடக் கரையைச் சுற்றிக்கொண்டுதான் வருகின்றன என்று கிளமென்ட் உறுதி சொன்ன பிறகுதான் விளக்கை அணைக்க விட்டாள்.

கிளமென்ட் கைப்பிடியைச் சுற்றினான். மிஷின்கள் வந்தன. ராஜா காலை வீசி வீசிப் பாலத்தின் நடுவுக்கு வந்தபோது பின்னால் யாரோ லேசாகச் சிரித்தார்கள். நசுருதீன் சிரிக்கவில்லை. மலைக்கோட்டையில் பீரங்கி அதன் பக்கம் திரும்பியது. ராஜா நின்று மலைக்கோட்டையைப் பார்த்தது. பீரங்கிக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் அதைப் பார்த்தார்கள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ராஜா திரும்பி, வந்த வழியே நடந்தது. மற்ற மிஷின்களும் அதன் பின்னால் போயின. நடந்து நடந்து சின்னப் புள்ளியாகி மறைந்தன.

யாரும் கைதட்டவில்லை. படம் முடிந்துவிட்டதா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. வத்ஸலாவின் தம்பி சௌரிராஜன், ஐந்து வயது, எழுந்து கிளமென்ட்டின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அது எங்க போறது?"

"வீட்டுக்கு," என்றான் கிளமென்ட்.

"அங்க யார் இருக்கா?"

கிளமென்ட் கொஞ்சம் யோசித்தான். "அதோட அம்மா."

"அம்மாவும் மிஷினா?"

"ஆமா. ரொம்பப் பெரிய மிஷின். சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும்."

சௌரிராஜன் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, புரிந்துவிட்டது என்று தலையாட்டினான். கூடமே சிரித்தது. கிளமென்ட்டும் சிரித்தான். பல நாளுக்குப் பிறகு ஜஹானாரா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.

ஆனாலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. நசுருதீன் நிறுத்திக்கொண்டாலும், வேறு வகுப்புப் பையன்கள் சிலர் கிளமென்ட்டை மிஷின் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. அதைக் கேட்கும்போதெல்லாம் ஜஹானாரா தலை குனிந்துகொண்டாள்.

கிளமென்ட்டும் கொஞ்சம் மாறித்தான் போயிருந்தான். முன்பெல்லாம் மாலையானால் அவனாகவே மாடியேறி வருவான். இப்போது கூப்பிட்டால்தான் வந்தான். அதனால் தினமும் பள்ளி விட்டு வந்து பையை வைத்ததும், ஜஹானாரா அவன் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட்டாள்.