உள்ளங்கையில் வந்த ஆட்கள்

பட்டாசின் அப்பாவுக்குப் பத்து விரல்கள். பத்தும் சொன்ன பேச்சு கேட்காது.

சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் விளிம்பில் தாளம் போடும். பேருந்தில் ஏறினால் முன் இருக்கைக் கம்பியில் போடும். ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதுகூட நாற்காலியின் கையில் போட்டது. மருத்துவரும் தன்னை மறந்து தலையாட்டிக்கொண்டே பல்லைப் பிடுங்கினார். நல்லவேளையாக, பிடுங்க வேண்டிய பல்லைத்தான் பிடுங்கினார்.

அப்பாவுக்குத் தாளம்தான் தொழில். வார நாட்களில் ஒலிப்பதிவுக் கூடங்களில் டிரம்ஸ் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார். வீட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதன் மேல் உட்கார்ந்து முன்பக்கப் பலகையைத் தட்டினால் டிரம்ஸ் மாதிரியே கேட்கும். புதுத் தாளங்களை எல்லாம் அந்தப் பெட்டியில்தான் உருவாக்குவார்.

பட்டாசு என்பது அவர் மகளுக்கு வீட்டில் வைத்த பெயர். அவள் மாடிப்படியில் இறங்கும் சத்தத்தைக் கேட்டு வைத்தது. தடதடவென்று வந்து, கடைசிப் படிகளை விட்டுவிட்டு 'தொம்' என்று குதிப்பாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மௌன ஜெபத்தைத் தவிர.

ஆராதனையின் நடுவே கொஞ்ச நேரம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, வாய் திறக்காமல், மனசுக்குள்ளேயே கடவுளிடம் பேச வேண்டும். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த நேரம் பார்த்துத்தான் அப்பாவின் விரல்கள் பெஞ்சின் மேல் வேலையை ஆரம்பிக்கும். பழைய பெஞ்சு வேறு. மெல்லத் தட்டினாலும் ஆலயம் முழுக்கக் கேட்கும்.

ஒருநாள் சாயங்காலம் போதகர் வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார், பாட்டைப் பற்றிப் பேசினார். இப்படிச் சுற்றி வளைத்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். சாவி மாமா வருத்தப்படுகிறாராம்.

சாவி மாமாவை எல்லோருக்கும் தெரியும். ஆலயத்தைத் திறப்பதும் பூட்டுவதும் அவர்தான். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். ஒரு முழங்கால் மடங்காது. அதனால் அந்தக் காலை இழுத்து இழுத்து நடப்பார்.

"அவர் வீட்டம்மா ஆஸ்பத்திரியில படுத்து ரொம்ப நாளாச்சு," என்றார் போதகர். "வாரம் முழுக்க அங்கேயும் இங்கேயும் ஓடறார். அந்தக் கொஞ்ச நேர அமைதிதான் அவருக்கு மிச்சம். அதுவும் நியாயம்தானே?"

இன்னொரு முறை சத்தம் வந்தால், மௌன ஜெபம் முடியும்வரை அப்பா வெளியே இருக்க வேண்டியிருக்கும் என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "நான் தட்டறேன்னே எனக்குத் தெரியாதுங்க," என்றார்.

அப்போதும் அவர் விரல்கள் தேநீர்க் கோப்பையில் தட்டிக்கொண்டுதான் இருந்தன. போதகர், அம்மா, பட்டாசு மூன்று பேரும் கோப்பையைப் பார்த்தார்கள். அப்பாவும் குனிந்து பார்த்தார். யாரோ இன்னொருவருடைய கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

போதகர் போனதும் அம்மா யோசித்தாள். அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. எந்த நோய்க்கும் ஒரு வழி வைத்திருப்பாள்.

"பட்டாசு, இனிமே நீ அப்பா பக்கத்துல உக்காரு. ஜெபம் ஆரம்பிச்சதும் கையைக் கெட்டியா பிடிச்சுக்க. என்ன ஆனாலும் விடாத."

பட்டாசுக்குப் பெருமை தாங்கவில்லை. போலீஸ் வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையை ஒழுங்காகவும் செய்தாள். அப்பாவின் இடது கையில் பாட்டுப் புத்தகத்தைத் திணித்துவிட்டு, வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்தாள். உள்ளே விரல்கள் கோழிக்குஞ்சு மாதிரி துடித்தன. அவள் விடவில்லை. ஜெபம் முடிந்தது. பெஞ்சிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பின்னால் நின்ற சாவி மாமாகூட ஆச்சரியமாக எட்டிப் பார்த்தார்.

ஆனால் அப்பாதான் சரியாக இல்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது வழியில் இருந்த எந்தக் கம்பியையும் தட்டாமல் வந்தார்.

"ஜெபம் பண்ணினீங்களாப்பா?" என்று கேட்டாள் பட்டாசு.

"முயற்சி பண்ணினேன்மா. ஒண்ணும் வரலை."

அன்று சாயங்காலம் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஆலயத்தின் ஆண்டு விழாவுக்குப் பாடகர் குழு ஒரு புதுப் பாட்டு வைத்திருந்தது. மெட்டு தயார். தாளம்தான் வரவேண்டும். எப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்குத் தாளம் தானாக வரும். அன்று வரவில்லை. தட்டினார், நிறுத்தினார், தலையைச் சொறிந்தார். மறுநாளும் அதே கதைதான். பெட்டிக்குள் ஏதாவது அடைத்திருக்கிறதா என்றுகூடத் திருப்பிப் பார்த்தார்.

பட்டாசுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. கையைப் பிடித்தது தப்பா? கையைப் பிடித்தால் ஜெபம் எப்படி நிற்கும்? ஜெபம் என்றால் வார்த்தைதானே? அவள் தினமும் ஜெபம் செய்கிறாள். அம்மா, அப்பா, கணக்குப் பரீட்சை, தெரு நாய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாள். அதற்கு விரல் எதற்கு?

ஒன்று மட்டும் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து, சாப்பிடும்முன் அப்பாவை ஜெபிக்கச் சொன்னால், "நன்றி ஆண்டவரே, ஆமென்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவருக்கு ரொம்பப் பசி போல என்று விருந்தாளிகள் நினைத்துக்கொள்வார்கள்.

இனி நேரடியாகவே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள்.

"அப்பா, மௌன ஜெபத்துல நீங்க என்ன சொல்வீங்க?"

"எதுவும் சொல்றதில்லையேம்மா."

"அப்புறம்?"

"ஆளுங்க வருவாங்க."

"எந்த ஆளுங்க?"

"எல்லாரும்தான். ஒவ்வொருத்தரா வருவாங்க, போவாங்க. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை."

இதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டாசு நினைத்தாள். முன்பு பாதிதான் குழம்பியிருந்தது, இப்போது முழுசாகக் குழம்பிவிட்டது.

அடுத்த ஞாயிறும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று நல்ல புழுக்கம். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. சாவி மாமா பின்னால் நிற்கிறார் என்ற பயத்தில் கையை மாற்றிப் பிடிக்கப் போனாள். அந்த அவசரத்தில் அவள் உள்ளங்கை அப்பாவின் விரல்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

விரல்கள் விடுமா? அவள் உள்ளங்கையிலேயே தட்ட ஆரம்பித்தன.

பட்டாசு திடுக்கிட்டாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. உள்ளங்கை மெத்தை மாதிரி. அதில் எவ்வளவு தட்டினாலும் சத்தம் வராது. அவள் வேகமாக யோசித்தாள். சத்தம் வரக்கூடாது என்றுதானே எல்லோரும் சொன்னார்கள். தட்டவே கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு தட்டு. கொஞ்சம் இடைவெளி. பிறகு பொறுமை இல்லாமல் மூன்று தட்டு. இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. சட்டென்று புரிந்தது. அம்மா! வேலை முடிந்து வந்து கதவைத் தட்டுவது இப்படித்தான். ஒரு தட்டுக்குள் திறக்காவிட்டால் படபடவென்று மூன்று.

அடுத்து விரல்கள் மழை மாதிரி ஓடிவந்தன. தடதடதட. கடைசியில் கட்டைவிரல் மட்டும் 'தொம்' என்று விழுந்தது.

அது யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளும் அப்பா தனக்காகவும்தான் ஜெபித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதைப் போய்ப் போலீஸ் மாதிரி பிடித்து நிறுத்தியிருக்கிறோமே என்று நினைத்ததும் பட்டாசுக்கு அழுகை வந்தது. அப்பா சொன்ன ஆட்கள் இப்படித்தான் வருகிறார்கள்.

அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். ஒரு தட்டு, ஒரு இழுப்பு. ஒரு தட்டு, ஒரு இழுப்பு. நடுவே சுண்டுவிரல் கிலுகிலுவென்று ஆடியது. பட்டாசு ஒரு கண்ணைத் திறந்து பின்னால் பார்த்தாள். சாவி மாமா சுவர் ஓரமாகக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். அவரேதான். அப்பாவைப் பற்றிப் போதகரிடம் வருத்தப்பட்டவருக்காக அப்பா ஜெபிக்கிறார். பட்டாசுக்கு மறுபடியும் குழப்பம்.

அவருக்குப் பின்னாலேயே இன்னொருவர் வந்தார். மெல்ல, பஞ்சு மாதிரி மூன்று தட்டு. நீண்ட நிறுத்தம். மறுபடியும் மூன்று தட்டு. நிறுத்தம். அது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பெட்டியின் மேல் உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவே இல்லை. தாளம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அம்மா சமையலறையில் நின்றபடியே தலையாட்டினாள். அதில் ஓரிடத்தில் தடதடவென்று வந்து 'தொம்' என்று விழுந்தபோது பட்டாசு மட்டும் சிரித்துக்கொண்டாள்.

அந்தக் கடைசி ஆள் யார் என்று அப்பாவிடம் கேட்கலாம்தான். ஆனால் வேண்டாம் என்று வைத்துவிட்டாள். ஒருமுறை வகுப்பில், "உன் நடை நல்லா இருக்கு" என்று தோழி சொன்னதும், அவளுக்கு நடையே மறந்து கால் பின்னிக்கொண்டது. அப்பாவின் விரல்களுக்கும் அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது?

அதனால் தானே தேடினாள். மூன்று தட்டு, நிறுத்தம். மேல்வீட்டு அத்தை காய் நறுக்குவதா? இல்லை, அவர் நிறுத்தவே மாட்டார். தபால்காரரா? அவருக்கு மணி அடித்துத்தான் பழக்கம். சோப்புப் பெட்டியிலும் புத்தகப் பையிலும் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"இந்த வீட்டுக்கு ஒருத்தர் போதாதா?" என்றாள் அம்மா.

சனிக்கிழமை சாயங்காலம் பாடகர் குழுவுக்கு ஒத்திகை. ஆண்டு விழாப் பாட்டின் தாளத்தைக் கேட்க அப்பாவுடன் பட்டாசும் முதல்முறையாகப் போனாள். ஒத்திகை முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். அப்பா மேடைக்குப் பின் அறையில் டிரம்ஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பட்டாசு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்கள் அவளை அறியாமலே பெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தன.

டக், சர்ர். டக், சர்ர். கிலுங்.

நிமிர்ந்து பார்த்தாள். சாவி மாமா எதிரே நின்றார். பட்டாசு கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"அப்பாவுக்குப் பதிலா இப்ப நீயா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார்.

வாயால் சொன்னால் அப்பா மாதிரி சொதப்பிவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"மாமா, கொஞ்சம் கையை நீட்டுங்க," என்றாள்.

அவர் குழப்பத்தோடு நீட்டினார். பட்டாசு அந்தப் பெரிய உள்ளங்கையில் ஒரு தட்டும் ஒரு இழுப்புமாகத் தட்டிக் காட்டினாள். சுண்டுவிரலை ஆட்டவும் மறக்கவில்லை.

"இது யாரு?"

"நீங்கதான் மாமா. அப்பா பெஞ்சுல தட்டினது விளையாட்டுக்கு இல்லை. அவருக்கு ஜெபம் வார்த்தையா வராது. ஒவ்வொருத்தரோட சத்தமாத்தான் வரும். முதல்ல அம்மா வருவாங்க, அப்புறம் நான், அப்புறம் நீங்க."

சாவி மாமா நாலு அடி நடந்து பார்த்தார். டக், சர்ர், டக், சர்ர். சாவிக்கொத்து கிலுங்கியது. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான் இப்படியா நடக்கறேன்?" என்று தன் முழங்காலிடம் கேட்டார்.

"உங்களுக்கு அடுத்து ஒருத்தர் வருவாங்க மாமா. உங்க பின்னாடியேதான் வருவாங்க. அது யாருன்னு மட்டும் எனக்குத் தெரியலை."

பட்டாசு அவர் உள்ளங்கையில் மெல்லத் தட்டினாள். மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. நிறுத்தம்.

சாவி மாமாவின் கை அசையவில்லை. அவர் பலிபீடத்துக்குப் பக்கத்தில் இருந்த பூச்சாடிகளைப் பார்த்தார். அவற்றில் பூ இல்லாமல் ரொம்ப நாளாகியிருந்தது.

"சனிக்கிழமை சாயங்காலம் அவதான் பூ வைப்பா," என்றார். "வெச்சுட்டு மூணு அடி பின்னால போவா. நின்னு பார்ப்பா. பிடிக்கலைன்னா மூணு அடி முன்னால வந்து சரி பண்ணுவா. உங்கப்பா அப்ப அந்த மூலையில டிரம்ஸ் மாட்டிக்கிட்டு இருப்பார். தலையைத் தூக்கிக்கூடப் பார்த்ததில்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை மறுபடியும் நீட்டினார்.

"எனக்குக் கத்துக்குடு. நான் இப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். அவ கையில தட்டிக் காட்டணும்."

பட்டாசு சொல்லிக்கொடுத்தாள். அவருக்கு விரல் வளையவே இல்லை. உள்ளங்கையில் சரிப்படாமல் பெஞ்சில் தட்டிப் பழகினார். "மூணுக்கு அப்புறம் நிக்கணும் மாமா. நீங்க நிக்காம போயிடறீங்க," என்று இவள் திருத்திக்கொண்டே இருந்தாள். பெஞ்சுச் சத்தம் ஆலயம் முழுக்கக் கேட்டது.

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். சாவி மாமா பெஞ்சில் தட்டுகிறார், தன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள். அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனால் அவர் விரல்கள் மட்டும் டிரம்ஸ் பையின் மேல் மெல்ல மூன்று தட்டுத் தட்டி, நின்று, மறுபடியும் மூன்று தட்டின.