கேமரா ஏன் மூலையில் இருந்தது

நண்பகல் மழையில், நாரா மலையடிவாரத்துப் பழைய வீட்டின் முன் கார் வந்து நின்றது. முப்பது வருஷத்துக்கு முன்பு இந்த வீட்டைப் படம் பிடித்து, 'மூடுபனிக் கூடம்' என்ற பேய் வீடியோ கேமை உருவாக்கியவள் கயானோ. கூட வந்தவன், அதைப் புதுப்பிக்கக் கம்பெனி அமர்த்திய இளைஞன் தொகுனாகா. கெட்டிக்காரன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

காலணியைக் கழற்றிவிட்டு, "தொந்தரவு பண்றோம்" என்று ஆளில்லாத வீட்டுக்குத் தலைகுனிந்தாள் கயானோ.

"யாருக்கு இந்த மரியாதை, கயானோ சான்? கரையானுக்கா?"

கூடத்தில் நனைந்த கோரைப்பாயின் நாற்றம். எங்கோ கூரை சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க பழைய கேமை நெட்ல கிழிக்கறாங்க. அதுல வர்ற ஆளு கட்டை வண்டி மாதிரி திரும்பறானாம். கதவு திறக்க ஒரு யுகம் ஆகுதாம். அதவிட அந்தக் கேமரா! மூலையிலயே ஒட்டிக்கிட்டு நிக்குது. எதிர்ல என்ன வருதுன்னே தெரியல."

"தெரிஞ்சுட்டா அப்புறம் பயம் ஏது? மெதுவா திரும்பறவனுக்குத்தான் முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் வரும். கதவு திறக்கறதுக்குள்ள மனசு உள்ள போயி பார்த்துட்டு வந்துடும்."

"கதவை விட்டுடறேன். கேமராவை மட்டும் சுத்த விடப்போறேன். ஆடறவங்க எந்தப் பக்கமும் பார்க்கலாம்."

ஓய்வு பெற்ற கயானோ இந்த மழையில் கிளம்பி வந்ததே இதைத் தடுக்கத்தான். கேமின் மானம் போனால் போகட்டும், விவரம் தெரியாத இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

"அந்த மூலையைப் படம் எடுக்காதேப்பா. வீட்டுக்காரரோட தங்கச்சி செத்த பிறகும் அங்கதான் நிக்கறாளாம். அவ படத்துல விழக்கூடாதுன்னு தரையில நெத்தியை வெச்சுக் கேட்டுக்கிட்டார். அவ விழக்கூடாதுன்னா அவ நிக்கற இடத்துலேருந்துதானே எடுக்கணும்? அதான் கேமராவை அங்க வெச்சேன். நீங்கல்லாம் திட்டற பார்வை அவளோடது."

"அடடா, விளம்பரத்துக்கு ஆச்சு!" தொகுனாகா சிரித்தபடி, படம் எடுக்கக் கையிலிருந்த டேப்லெட்டை மூலைப் பக்கம் திருப்பினான். கயானோ பதறிப்போய் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

சிரிப்பு நின்றது.

திரையில் மூலை இல்லை. அவர்கள் இருவரும் இருந்தார்கள்.

"முன்பக்கக் கேமராவா இருக்கும்…" என்று முணுமுணுத்தான்.

ஆனால் படத்தில் அவன் கையிலிருந்த டேப்லெட்டின் முதுகும் தெரிந்தது.

படத்தில் இருவரும் மெல்லப் பெரிதானார்கள்.

யாரோ நெருங்கி வந்து பார்ப்பதுபோல.

டேப்லெட் பாயில் விழுந்தது. காலணிகூட மாட்டாமல் ஓடிக் காருக்குள் புகுந்தார்கள்.

"மூலையிலயே வெச்சுடறேன், கயானோ சான். சத்தியமா சுத்த விட மாட்டேன்." அவன் சாவியைத் துழாவினான்.

"முதல்ல வண்டியை எடு."

அவன் ரிவர்ஸ் கியர் போட்டான். பின்னால் உள்ள பாதையைக் காட்டும் சின்னத் திரை ஒளிர்ந்தது.

அதில் பாதை இல்லை. இரண்டு பிடரிகள் தெரிந்தன, மிக அருகில். ஒன்று கறுப்பு, மற்றது நரைத்தது.