ஐம்பதாவது ஐயப்புள்ளி

ஐயமானி காலை எட்டு மணிக்குப் பதினொன்று காட்டியது. எட்டு நாற்பதுக்குப் பதினாறு.

சௌதாமினி அப்போதுதான் என்ஜின் பக்கத்திலிருந்து நிமிர்ந்து காபிக்கு வந்திருந்தாள். அரைமணி நேரமாகக் குனிந்தே நின்றதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. போதாததற்குத் தகரக் கூரையின் இடுக்கில் வெயில் இறங்கியதோ என்னவோ, பிடரியைச் சுட்டது. முதல் வாய் காபி தொண்டையில் இறங்குவதற்குள் சுவரில் இருந்த எண் ஐந்து புள்ளி ஏறிவிட்டது.

நொய்யல் அணியின் கொட்டகையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காதது போல அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். உற்றுப் பார்த்தால் அதற்கும் ஒரு புள்ளி ஏறிவிடுமோ என்ற பயம். "எவன் பார்த்த வேலைடா இது?" என்று நாக்கு நுனிவரை வந்ததைச் சௌதாமினி காபியோடு விழுங்கினாள்.

இந்தக் கொடுமை எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். பந்தய வண்டிகளுக்குப் புது விதி போட்ட வருடம், பலத்தில் பாதி டர்போ என்ஜினிலிருந்தும் மறுபாதி பேட்டரியிலிருந்தும் வர வேண்டும் என்றார்கள். செயற்கைப் பெட்ரோல், பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கும் மோட்டார், இரண்டு பலத்தையும் கலந்து சக்கரத்துக்கு அனுப்பும் மென்பொருள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மென்பொருளில் நாற்பது லட்சம் வரிகள். அதற்குள் ஏமாற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எந்தப் பரிசோதகராலும் முடியவில்லை. மூன்று வருடம் முட்டி மோதிவிட்டு ஆணையம் ஒரு முடிவுக்கு வந்தது. என்ஜினைச் சோதிக்க முடியாவிட்டால் என்ன, என்ஜினோடு இருப்பவர்களைச் சோதிப்போம். கூடவே இருப்பவனுக்குத் தெரியாமல் திருட்டு நடக்குமா?

அப்படிப் பிறந்ததுதான் ஐயமானி. அணியில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை, நாடியையும் வியர்வையையும் பார்க்கும். காதுப்பேசி குரலின் நடுக்கத்தைக் கேட்கும். என்ஜினுக்குள் காற்று நுழையும் வாயில் ஒரு மோப்பக்குழல் இருக்கும், பதிவில் இல்லாத வாசம் வந்தால் சொல்லும். எல்லாவற்றையும் கூட்டி, இந்த என்ஜினை இவர்களே எவ்வளவு சந்தேகப்படுகிறார்கள் என்று ஒரே ஒரு எண்ணைச் சுவரில் போடும். ஒவ்வொரு புள்ளிக்கும், பேட்டரி தரும் பலத்தில் ஒரு சதவீதம் வெட்டு. ஐம்பதைத் தொட்டால் வண்டி ஓடும் இடத்திலேயே அணைந்துவிடும்.

விதி வந்தால் அதற்கு வித்தையும் வந்துவிடும் அல்லவா? பெரிய அணிகள் மாதம் ஒரு முறை மெக்கானிக்குகளை மாற்றின. என்ஜினை அறியாதவன் எதைச் சந்தேகிப்பான்? ஓர் அணி எதையும் நம்பும் சுபாவக்காரர்களாகத் தேடி வேலைக்கு வைத்தது. நேர்முகத் தேர்வில், "வெளியே யானை பறக்கிறது" என்பார்கள். எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்தவனுக்கு வேலை.

சௌதாமினிக்கு இந்த வித்தையெல்லாம் வராது. இரண்டு வருடங்களுக்கு முன் அவள் செய்த முதல் என்ஜின் ஐம்பதைத் தொட்டது. பெட்ரோலில் எதையோ கலந்தாள் என்றார்கள். அவள் கலக்கவில்லை. வாசகருக்கு அந்தச் சந்தேகமே வேண்டாம். என்ஜின் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடியது, அணியில் இருந்தவர்கள் வியந்து போனார்கள். வியப்புக்கும் சந்தேகத்துக்கும் உள்ள வித்தியாசம் ஐயமானிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டு வருடத் தடை. அன்றைக்கு, யார் எவ்வளவு சந்தேகப்பட்டார்கள் என்ற பெயர்ப் பட்டியலைத் திறந்தபோது பதினான்கு பேரில் ஒரே ஒருவர் பெயருக்கு நேரே பூஜ்யம் இருந்தது. வெள்ளியங்கிரி, தலைமை மெக்கானிக். அவள் திரும்பி வந்தபோது அவள்கூட வந்ததும் அவர் ஒருவர்தான்.

தடையின் மிச்சமாகப் பதினொரு புள்ளிகள் அவள் தலையில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டன. இன்று கிணத்துக்கடவு வளையத்தில் பருவத்தின் கடைசிப் பந்தயம். முதலாவதாக வர வேண்டியதில்லை. ஐம்பதுக்குக் கீழே கோட்டைத் தாண்டினால் போதும், பழைய பழி நீங்கும், என்ஜினுக்கு அங்கீகாரம் கிடைக்கும். தொட்டுவிட்டால் இரண்டாம் முறை. என்ஜினின் வரைபடத்தைப் பூட்டி முத்திரை, அவள் பெயருக்கு ஆயுள் தடை.

அவள் மறுபடி என்ஜினிடம் போய்க் குனிந்து, காற்றுவாயில் மூக்கை வைத்தாள்.

கற்பூரம்.

கற்பூரத்தைப் பெட்ரோலில் கரைப்பது தெருப்பந்தயக்காரர்களின் பழைய திருட்டு. டர்போ எவ்வளவு அழுத்தினாலும் என்ஜின் டக்டக்கென்று தட்டித் திணறாமல் ஓடும். பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறக்க அனுமதி உள்ளவர்கள் இரண்டே பேர். மற்ற ஏழு பேரும் டயர் மாற்ற வந்தவர்கள். இரண்டு பேரில் ஒருத்தி அவள்.

"வெள்ளிண்ணா, காத்துவாயில கற்பூர வாசம் வருதே?"

வெள்ளியங்கிரி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்.

"கற்பூரமுங்களா? எனக்கொண்ணும் தெரியலீங்களே அம்மிணி" என்றவரின் கை, சட்டைப் பையை ஒரு தரம் அழுத்திவிட்டு வந்தது.

சுவரில் பத்தொன்பது.

பக்கத்து நாற்காலியில் ஆணையத்தின் மேற்பார்வையாளர் ஞானதீபம், மடியில் பலகைத்திரையோடு உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், சாந்தமான முகம். யாருடைய புள்ளி எவ்வளவு என்று அவர் திரையில் மட்டும் தெரியும். பந்தயம் முடியும்வரை சொல்ல மாட்டார். அவரிடம் போய் வாசத்தைச் சொல்லிவிடலாமா என்று சௌதாமினி ஒரு நொடி யோசித்தாள். பெட்ரோலில் கலந்தாள் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவள் கற்பூரம் என்று வாயெடுத்தால் யார் நம்புவார்கள்? பேசாமல் இருந்துவிட்டாள். பேசாமல் இருந்ததற்கும் இரண்டு ஏறியது.

மதியம் இரண்டு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. ஓட்டுநர் ஃபர்ஹானா, உக்கடத்துப் பெண், பயமே அறியாதவள். ஆறாவது இடத்தில் கிளம்பி, பத்துச் சுற்றுக்குள் பின்னால் வரும் வண்டிகளுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னக்கா ஆச்சு? வண்டி இழுக்கவே மாட்டேங்குது. நேர்ரோட்டுல எருமைய ஓட்டற மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்ல ஃபர்ஹா. முடிச்சாப் போதும், நீ பத்திரமா வா."

சொல்லும்போது அவள் கண் வெள்ளியங்கிரியின் சட்டைப் பையில்தான் இருந்தது. இவர் ஏன் இன்று சாப்பிடவில்லை? தொட்டியை நிரப்பியது யார்? இவர்தானே. நேற்று மாலை எதிரணிக் கொட்டகைப் பக்கம் போய் வந்தாரே, எதற்கு? பத்து வருடம் கூட இருந்த மனிதர், ஒரே நாளில் அவளுக்கு முன்பின் தெரியாதவராகிப் போனார். ஒவ்வொரு கேள்விக்கும் சுவர் ஒன்று கூட்டியது. முப்பது. முப்பத்தாறு. நாற்பத்தொன்று.

முப்பத்தோராவது சுற்றில் அவளால் தாங்க முடியவில்லை. வெள்ளியங்கிரியின் கையைப் பிடித்து டயர் அடுக்குக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"பையில என்ன?"

"அம்மிணி..."

"எடுங்கண்ணா!"

சின்ன கற்பூர டப்பா வெளியே வந்தது.

"தொட்டியில போட்டீங்களா?"

"என்னதுங்க?"

"நடிக்காதீங்க. லிட்டருக்கு மூணு வில்லை. அதுக்கு மேல போனா பெட்ரோல் பீச்சற ஊசி அடைச்சுக்கும், கொறஞ்சா ஒண்ணுக்கும் ஆகாது. சரியாப் போட்டா டர்போ அழுத்தத்தக் கால் பங்கு ஏத்திக்கலாம். கோட்டத் தாண்டறதுக்குள்ள எரிஞ்சே போயிரும், சோதனையில ஒரு மண்ணும் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

வெள்ளியங்கிரி திறந்த வாய் மூடாமல் நின்றார். பிறகு டப்பாவைத் திறந்து காட்டினார். பத்தில் ஒன்றுதான் குறைந்திருந்தது.

"ஒரே ஒரு வில்லைங்க. திருஷ்டி சுத்தித்தான் போட்டேன்."

"இனிமே இங்க நெருப்பு கொண்டார மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே!"

"அதனாலதாங்க சொல்லல."

"வண்டிக்குச் சுத்துனா வாசம் உள்ள போகும்னு உங்களுக்குத் தெரியாதா? இருபது வருசம் மெக்கானிக்கா இருக்கீங்க!"

"வண்டிக்குச் சுத்தலீங்க அம்மிணி." அவர் டப்பாவை மூடினார். "உங்களுக்குத்தான் சுத்துனேன். போன தடவ ஊருக் கண்ணெல்லாம் உங்க மேலதானே இருந்துச்சு. காலைல நீங்க என்ஜின்கிட்டக் குனிஞ்சு நின்னீங்க. முதுகுக்குப் பின்னால நின்னு மூணு சுத்து சுத்தி, வெளிய கொண்டுபோயிப் போட்டேன். காத்து இப்படித் திரும்பும்னு எனக்குத் தோணலீங்க."

பிடரியில் சுட்ட அந்த வெயில். கொட்டகையின் வாசல் மேற்குப் பார்த்தது, கூரையில் இடுக்கே கிடையாது. எட்டரை மணிக்கு அங்கே வெயில் வர வழியே இல்லை.

சௌதாமினிக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்கண்ணா. புத்தி கெட்டுப் போச்சு எனக்கு. உங்களப் போயி... சே!"

"விடுங்க அம்மிணி. உங்களுக்கு இருக்கற பயத்துல கேட்டீங்க."

இருவரும் ஓடி வந்து சுவரைப் பார்த்தார்கள். நாற்பத்தொன்பது. ஏறிய புள்ளி ஒரு பந்தயத்துக்குள் இறங்காது. ஆனால் இனி ஏறவும் காரணமில்லை. அவள் இப்போது அவரை முழுதாக நம்பினாள், நடிப்பில்லை. ஏழு சுற்று மிச்சம், ஆறு, ஐந்து. எண் அசையவில்லை.

ஞானதீபம் மெல்ல அருகில் வந்தார். "நான் பேரு சொல்லப்பிடாது, பாத்துக்கிடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். மோப்பக்குழல் வெறும் அஞ்சுதான் போட்டுச்சு. அதுக்கு மேல ஏறுனதுக்கு வெளிய எங்கயும் தேடாதீங்க."

"தெரியும் சார்" என்றாள் அவள். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. முட்டாள்தனம் தன்னுடையது என்றால் நிறுத்தவும் தன்னால் முடியும் அல்லவா?

கடைசிச் சுற்று. ஃபர்ஹானா பதினான்காவது இடத்தில் வந்துகொண்டிருந்தாள். அதைப் பற்றி யாருக்குக் கவலை?

"அக்கா, கடைசி வளைவு! கோடு தெரியுது!"

வெள்ளியங்கிரி சௌதாமினியின் பக்கத்தில்தான் நின்றார். அவர் பார்வை தடத்தில் இல்லை. கையிலிருந்த கற்பூர டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது.

சுவரில் ஐம்பது.

தடத்தில் சத்தம் நின்றது. கோட்டுக்கு முந்நூறு அடி முன்னால் வண்டி உருண்டு, தயங்கி, நின்றது. "அக்கா? அக்கா, அணைஞ்சிருச்சுக்கா!" என்று காதில் ஃபர்ஹானா கத்திக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தொட்டதும் பெயர்ப் பட்டியல் தானாகச் சுவரில் திறந்தது.

முந்தைய தடை, பதினொன்று. மோப்பக்குழல், ஐந்து. சௌதாமினி, முப்பத்து மூன்று. டயர்க்காரர்கள் ஏழு பேரும் ஃபர்ஹானாவும், பூஜ்யம்.

வெள்ளியங்கிரி, ஒன்று.

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "நான் ஒண்ணும் நெனைக்கலீங்க அம்மிணி! சாமி சத்தியமா!"

"அண்ணா?"

"ஒரே ஒரு நிமிசம்தாங்க. லிட்டருக்கு மூணு வில்லைன்னீங்களே. கொறஞ்சாலும் ஆகாது, கூடுனாலும் ஆகாது, சோதனையில தெரியாதுன்னு. அத்தனை கணக்கா... அதான், போன தடவ..."

ஞானதீபம் பேனாவை எடுத்துவிட்டார். முத்திரைப் படிவம் அவர் கையில் இருந்தது. ஆனால் அவரும் எழுதாமல் அவள் முகத்தைப் பார்த்தார். "அந்த மூணு வில்லை விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும்மா?"

தெரியாமல் எப்படி இருக்கும்? தடையில் வீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு வருடம் அவள் வேறென்ன செய்தாள்? தான் கலக்கவில்லை என்று நிரூபிக்க, கலந்தால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தாள். கற்பூரம், ரசக்கற்பூரம், கடையில் கிடைத்த அத்தனை கரைப்பான்களும். ஆணையத்துக்கு அனுப்ப அறுநூறு பக்கம் எழுதினாள். அதை ஆணையம் வாங்கக்கூட இல்லை. குற்றமே செய்யாதவள், அந்தக் குற்றத்தில் நாட்டிலேயே அதிகம் தெரிந்தவளாகிப் போனாள்.

"நான் கலக்கலன்னு காட்டறதுக்காகத்தான், வீட்ல கலந்து பார்த்தேன்" என்றாள் சௌதாமினி.

சொல்லி முடித்ததும் அவள் காதிலேயே அது விழுந்தது. ஞானதீபம் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார்.

அவள் வெள்ளியங்கிரியிடம் திரும்பினாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். "நீங்க நம்பறீங்களா அண்ணா?"

"நம்பறேனுங்க அம்மிணி" என்றார் வெள்ளியங்கிரி. உடனே சொன்னார், அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஐயமானியை இன்னும் யாரும் அணைத்திருக்கவில்லை. சுவரில் எண் ஐம்பத்தொன்று ஆனது.