முளையில் ஈரத்துண்டு

பிறந்த வீட்டில் ஓராண்டு அழுது தீர்த்துவிட்டு மருமகள் படகிலிருந்து இறங்கியபோது, மழைக்கு முந்திய புழுக்கம் துறைமுகத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. கலங்கரை விளக்கில் பகலிலும் அணையாத பச்சைத் தீ எரிந்தது. கரையை ஒட்டிய கல்வீட்டில் மேலே குடித்தனம், கீழே வியாபாரம், பின்முற்றத்தில் கம்பளிக் கிடங்கு. எதுவும் மாறவில்லை. வாசலுக்கு வந்த மாமியார்தான் பாதியாய் இளைத்திருந்தாள்.

"வந்துட்டியா கண்ணு? அவன் பின்னாடி வர்றானா?" என்று காலிப் படகை எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

மகன் போவதற்கு முன்பே கிழவிக்கு நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. இப்போது மகன் செத்தது சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. தெரியாத நாள்தான் இருவருக்கும் நல்ல நாள்.

அவன் போன கதை ஊருக்கே தெரியும். வடக்கிலிருந்து கப்பலில் வரும் கம்பளியை அந்துப்பூச்சி அரித்துவிடும். அதனால் கிடங்கை அடைத்து, கதவிடுக்குகளைக் களிமண்ணால் பூசி, உள்ளே கந்தகப் புகை போடுவார்கள். உள்ளே நுழைகிறவன் எவனாக இருந்தாலும் தன் மேல்துண்டைக் கதவோரச் சுவரில் இருக்கும் மரமுளையில் மாட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். முளையில் துணி தொங்கினால் உள்ளே ஆள். முளை வெறுமையாக இருந்தால் புகைக்காரர் கதவைச் சாத்திவிடுவார். அன்று முளை வெறுமையாக இருந்தது. அடித்த மழையில் உள்ளிருந்து கதவைத் தட்டியது யார் காதிலும் விழவில்லை. அவனுடைய துண்டோ வீட்டுக்குள் மடித்தபடி கிடந்தது. முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு அலட்சியம், மாட்டாமல் போய்விட்டான் என்று ஊர் வாயில் போட்டு மென்றது. மருமகளும் அதையேதான் நம்பினாள். அழுகையைவிட அந்தக் கோபம்தான் அவளை இத்தனை நாள் தூங்கவிடவில்லை.

இப்போது கிடங்கு நிறையக் கம்பளி வந்து இறங்கியிருந்தது. மழைக்காலம் பிடிப்பதற்குள் புகை போடாவிட்டால் அத்தனையும் பொடியாகும். இந்த வீட்டை நம்பிச் சரக்கு அனுப்ப அப்புறம் ஒரு கப்பல்காரனும் இருக்க மாட்டான். கிழவியைக் கூட்டிக்கொண்டு அவள் எந்த வாசலில் போய் நிற்பது?

புகைக்காரர் கதவைச் சாத்தப் போனார். கை அப்படியே நின்றது.

முளையில் ஒரு துண்டு தொங்கியது. சொட்டச் சொட்ட ஈரம்.

வானத்திலிருந்து ஒரு துளி கூட விழவில்லை.

அது அவனுடைய துண்டு. மருமகள் மாடிக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தாள். அவள் கையால் மடித்து வைத்த இடம் காலியாக இருந்தது. வேலைக்காரர்களில் எவனோ விளையாடுகிறான் என்று கத்தித் தீர்த்தாள். துண்டைப் பிழிந்து காயப்போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் அது மறுபடியும் முளையில் தொங்கியது. அதிலிருந்து லேசாகக் கந்தக நெடி வந்தது.

துணி தொங்கும்போது நெருப்பு வைக்க மாட்டேன் என்று புகைக்காரர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஒரு தரம் வைத்துப் பட்டதே போதும் என்றார் பாவம். அந்த ஒரு வருடத்தில் அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. துண்டைத் தானே எடுத்துவிடுவதாகச் சொல்லி, கங்கு கொண்டுவரும்படி மருமகள் அவரை அனுப்பினாள். அவர் போனதும் துண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தன் சால்வையை முளையில் மாட்டினாள். உள்ளே யாரும் இல்லை என்று தன் கண்ணால் பார்த்தால்தான் மனம் ஆறும் என்று தோன்றியது.

உள்ளே நட்டநடுப்பகலிலும் இருட்டு. கம்பளியின் மக்கல் வாடை மூக்கை அடைத்தது. கடைசி மூட்டை வரை தடவித் தடவிப் போனாள்.

யாரோ இருமினார்கள்.

வறண்ட, அடக்கிய இருமல். மூட்டைக்கு அந்தப் பக்கம்.

ஓராண்டாக நெஞ்சில் தேங்கியது அவள் வாயில் வந்துவிட்டது.

"ஒரு துண்டை மாட்டிட்டு வர உங்களுக்கு என்ன வலிச்சுது? என்னை ஒரு நிமிஷம் நினைச்சீங்களா?"

இருமல் நின்றுவிட்டது.

கூரையில் மழை விழுந்தது. முதலில் நாலு துளி, பிறகு சடசடவென்று பேய்மழை.

அந்தச் சத்தம் கேட்டதும் இருட்டில் எதுவோ விருட்டென்று எழுந்தது. வெறுங்கால்கள் அவளை உரசிக்கொண்டு கதவை நோக்கி ஓடின. கந்தகக் காற்று முகத்தில் அடித்தது. அவளும் தடுக்கி விழுந்து எழுந்து பின்னாலேயே ஓடினாள்.

கதவுக்கு வெளியே, கொட்டும் மழையில், மாமியார் நின்றுகொண்டிருந்தாள். மருமகளின் சால்வையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். முற்றத்தின் அந்தக் கோடியில் புகைக்காரர் கங்குச் சட்டியைக் கோணியால் மூடியபடி வந்துகொண்டிருந்தார்.

"மழையில நனையுதேன்னு எடுக்க வந்தேன் கண்ணு," என்றாள் கிழவி மூச்சிரைக்க. "உன்னோடது வரவே மாட்டேங்குது. யாரோ அந்தப் பக்கம் புடிச்சுக்கிட்டு இருக்காங்க. அன்னைக்கு அவன் துண்டு தொட்டதும் வந்துச்சே."

மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவன் மாட்டியிருக்கிறான். மாட்டிவிட்டுத்தான் போயிருக்கிறான். பெற்றவள் பிள்ளையின் துண்டு நனையக் கூடாதென்று எடுத்துப்போய், உலர்த்தி, மடித்து வைத்திருக்கிறாள். முளைக்கு இருக்கும் பொருள் நினைவு தடுமாறிய கிழவிக்கு எங்கே தெரியும்?

இடுப்பிலிருந்த துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு மருமகள் கதறினாள். அவனை எத்தனை திட்டியிருப்பாள்! வெகுநேரம் கழித்து, "என்னை மன்னிச்சிடுங்க," என்று கிழவி காதில் விழாதபடி முளையைப் பார்த்துச் சொன்னாள். "அத்தைக்கு இது தெரியவே வேணாம்."

சால்வை தானாகக் கழன்று அவள் தோளில் விழுந்தது.

ஏன் அழுகிறாய் என்று கிழவி கேட்டுக்கொண்டே இருந்தாள். மழைத்தண்ணீர் அத்தை என்று சொல்லி, அவளைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போனாள் மருமகள். உண்மையைப் புகைக்காரரிடம் மட்டும் சொன்னாள். அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். மழை விட்டதும் புகை போட்டார்கள். கம்பளி தப்பியது, வியாபாரமும் நிலைத்தது. துண்டு அதன்பின் பெட்டியை விட்டு நகரவில்லை.

ஆனால் அந்தச் சால்வையின் ஓரத்தில், ஓர் ஆணின் கை இறுக்கிப் பிடித்த அளவுக்கு ஒரு கசங்கல் இருக்கிறது. எத்தனை துவைத்தும் அது போகவில்லை. எந்த மழையிலும் அந்த இடம் மட்டும் நனைவதில்லை.