ஜி வரிசையில் ஒற்றை இருக்கை

யாரும் உட்காராத இருக்கையிலிருந்து யாரோ படம் எடுத்திருந்தார்கள். டிக்கெட் அறையில் சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்த டெனிஸ் ஹார்க்னெஸ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அல்பியன் அரங்கத்துக்குப் புதிதாகச் செய்த இருக்கை வரைபடம் கணினித் திரையில் விரிந்திருந்தது. அரங்கம் முழுவதும் புள்ளிகள். காலி இருக்கை என்றால் பச்சை, விற்றது சிவப்பு, யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைத்தது சாம்பல். ஒரு புள்ளியைத் தொட்டால், அங்கே உட்கார்ந்தால் மேடை எப்படித் தெரியும் என்று ஒரு படம் திறக்கும். இன்வர்கார்கில் நகரத்துக் குளிரில் வீட்டைவிட்டு வராமலே பார்த்து வாங்கிக்கொள்ளலாம். வாங்குகிறவர்களுக்கு என்ன, சொகுசுதான். படம் எடுக்கிற வேலை டெனிஸின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு இருக்கையாக உட்கார்ந்து, கைப்பேசியைக் கண்மட்டத்தில் பிடித்து எடுப்பாள். படம் தானாகவே அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். முட்டி இரண்டும் கழன்றுவிட்டன. எல்லாம் முடித்தவள், ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டிருந்தாள். ஜி வரிசை, பதினைந்து.

அது அவள் கணவன் கிரேமின் இடம். இவள் பதினான்கில், அவன் பதினைந்தில். கல்யாணமான வருடத்திலிருந்து அப்படித்தான். போன குளிர்காலத்தில் கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான், எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் புள்ளியைச் சாம்பலாகவே வைத்திருந்தாள். சனிக்கிழமைக் கச்சேரிக்கு நாளை விற்பனை திறக்கிறது. அதற்குள் அந்த இடத்தையும் விற்பனைக்கு விட்டுவிட வேண்டும் என்று மேலாளர் ஃபியோனா நயமாகத்தான் சொன்னாள். நயமாகச் சொன்னால் மட்டும் வலிக்காதா? அவன் துணிகளைக் கொடுத்தாயிற்று, காரை விற்றாயிற்று. இந்த இடமும் போனால் கிரேமுக்கென்று உலகத்தில் எதுவும் இருக்காது.

மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் விரெமு மழைக்கோட்டை மாட்டியபடி அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஜி பதினஞ்சுல நீ படம் எடுத்தியா?" என்றாள் டெனிஸ்.

"நானா? அதுல உக்காந்தா நீங்க என் காலை ஒடச்சிருவீங்களே ஆன்ட்டி."

"வெளையாடாத, விரெமு."

"சத்தியமா நான் இல்ல. அந்த மேப்பே எடுத்திருக்கும் போங்க. ஒத்தச் சீட்டத் தனியா விட்டா அதுக்குத்தான் ஆகாதே."

அது உண்மைதான். இரண்டு பேருக்கு நடுவில் ஒற்றை இருக்கை மிஞ்சினால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று, அப்படி மிஞ்ச விடாமல் தடுக்கும் விதி ஒன்று வரைபடத்துக்குள் இருந்தது. கிரேமின் இடத்துக்காக டெனிஸ் அதை அணைத்து வைத்திருந்தாள்.

"நேத்து ஃபியோனா அதத் திரும்பப் போட்டுட்டாங்க, தெரியுமா?" என்றவன், தயங்கி நின்றான். "ராத்திரி வீட்டுக்கு வாங்களேன். என் பொண்டாட்டி மெரே பன்னி எலும்பும் கீரையும் கொதிக்க வச்சிருக்கா. எத்தன நாள்தான் தனியா டோஸ்ட்டக் கடிச்சிட்டுக் கெடப்பீங்க?"

"இன்னொரு நாள் வரேன்டா."

"இதையேதான் போன மாசமும் சொன்னீங்க."

அவன் போய்விட்டான். பக்கவாட்டுக் கதவு சாத்திக்கொண்ட சத்தம் நடைக்கூடம் முழுவதும் உருண்டு வந்து அடங்கியது.

டெனிஸ் படத்தைப் பெரிதாக்கினாள். மேடை, திரை, முன்வரிசைகளின் முதுகு. இடது ஓரத்தில் பச்சையாக ஏதோ. கம்பளிச் சட்டையின் கை. முழங்கையில் வேறு நூலால் தைத்த ஒட்டு. தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அதே சட்டை, அதே ஒட்டு. காலையில் இவள் பதினான்கில் உட்கார்ந்து படம் எடுத்த நேரத்தில், பக்கத்து இருக்கையிலிருந்து எடுத்த படம் அது.

வேறு யாராவது என்றால் அப்போதே காரை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். டெனிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு, தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, அரங்கத்துக்குள் போனாள்.

மதியமா நள்ளிரவா என்று அரங்கத்துக்குத் தெரியாது, சன்னல் இல்லை. மேடை நடுவில் ஆளுயரக் கம்பியில் எப்போதும் எரியும் ஒற்றை பல்பின் வெளிச்சம் நாலாவது வரிசையோடு களைத்துப்போய் நின்றுவிட, அதற்குப் பின்னால் வெல்வெட்டின் பழந்தூசி வாசமும், கம்பளத்தில் எப்போதோ சிந்திக் காய்ந்த பீர் வாசமும், தகரக் கூரையில் தென்காற்று அள்ளி அள்ளி வீசும் மழையின் இரைச்சலும்தான் இருந்தன. ஆள் எழுந்தால் தானாக மடிந்துகொள்ளும் இருக்கைகள் எல்லாம் மடிந்தே இருந்தன. வரிசைக்குள் பக்கவாட்டில் நகர்ந்து போய், பதினான்கை அமுக்கி உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன்," என்றாள் மெல்ல. "இருக்கியா?"

மழை கொஞ்சம் ஓய்ந்தது. எங்கோ சூட்டுக்குழாய் ஒன்று டக்கென்றது. அவள் வலப்பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவானோ என்று பயம்.

பிறகு பதினைந்தாம் இருக்கையின் சுருள்வில் முனகியது. அவசரமில்லாமல், கனமான ஒருவர் பின்னால் கையூன்றி உட்காருகிற மாதிரி, அது இறங்கியது. இரண்டுக்கும் பொதுவான கைப்பிடி லேசாக அசைந்தது.

டெனிஸ் அழுதாள். தன்னந்தனியாகச் சமையலறையில் அழுவது போல இல்லை இது; பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது வருகிற அழுகை, நிம்மதியாக வந்தது. விறகுப் புகையும் கம்பளி எண்ணெயும் கலந்த கிரேமின் வாசத்துக்காக மூச்சை இழுத்தாள். ஈரத்துணி வாசம்தான் வந்தது. நாட்கணக்கில் பைக்குள் கிடந்த ஈரத்துணி. மழைதானே, நனைந்து வந்திருப்பான் என்று சொல்லிக்கொண்டாள்.

கைப்பிடியில் அவள் வலது கை இருந்தது. அதன்மேல் ஒரு கை வந்து படிந்தது.

குளிர்ந்த கை. குளிரட்டும். விரல்களுக்குள் விரல் கோத்துக்கொண்டாள். எத்தனை மொக்கை நாடகங்களை இப்படியே உட்கார்ந்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். இறைச்சி ஆலையில் இருந்தபோது கிரேமின் இடது ஆள்காட்டி விரல் நுனியை ரம்பம் கொண்டுபோயிருந்தது. நாடகம் அறுக்கத் தொடங்கினால் அந்த மொட்டை நுனியை இவள் கட்டைவிரலால் தேய்ப்பாள், அவன் சத்தமில்லாமல் சிரிப்பான். பழக்க தோஷத்தில் கட்டைவிரல் இப்போதும் அதைத் தேடிப் போனது.

முதல் கணு. இரண்டாம் கணு.

விரல் முடியவில்லை.

இன்னும் இருந்தது. நுனி இருந்தது. நகம் இருந்தது. நகத்துக்கு அப்புறம் மறுபடியும் ஒரு கணு.

கையை இழுத்தாள். வரவில்லை. பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை.

"விரெமு," என்று கூப்பிட்டாள். அவன் எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தான்.

மடியில் கைப்பேசி தானாக வெளிச்சம் போட்டது. வரைபடம். ஜி பதினைந்து சாம்பலாக இல்லை, சிவப்பாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் புள்ளியும் பச்சையிலிருந்து சிவப்பானது. பதினான்கு. பதினைந்திலிருந்து புதிய படம் ஒன்று திறந்தது. அதில் மேடை இல்லை. அவள் முகத்தின் வலப்பக்கம் இருந்தது. கன்னத்து ஈரம் தெரிகிற அளவுக்குப் பக்கத்தில்.

படத்தின் கீழே இரண்டே வரி.

இருவருக்கு நடுவில் தனி இருக்கை விட முடியாது.
நன்றி. உங்கள் வரிசை நிரம்புகிறது.

இடப்பக்கம், பதின்மூன்றின் சுருள்வில் முனகியது.