காம்பவுண்டுச் சுவர் இலவசம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பத்தோடு கோள் பார்க்கப் போவது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது. புளிச்சோறு கட்டிக்கொண்டு தாவுகலத்தில் ஏறினால், பொழுது சாய்வதற்குள் மூன்று நான்கு கோள்களில் இறங்கி, மண்ணைக் கிள்ளிப் பார்த்து, தண்ணீரைக் குடித்துப் பார்த்து, விலையைக் கேட்டு முகம் சுளித்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். விண்வெளியில் கேட்பாரற்றுக் கிடந்த சின்னச் சின்ன உருண்டைகளைப் பிடித்து, காற்று நிரப்பி, குழாய் போட்டு, குடும்பத்துக்கு ஒன்றாக விற்றார்கள். தனிக்கோள் என்று பெயர்.

நாச்சிமுத்துவும் அவர் மனைவி வஞ்சியும் அன்று மூன்றாவது கோளில் நின்றுகொண்டிருந்தார்கள். கடல் இருந்தது. இரண்டு நிலாக்கள் இருந்தன. வஞ்சி குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

“ஏனுங்க, தண்ணி இனிக்குது பாருங்க. பருப்பு போட்டா மெழுகாட்ட வேகும்.”

“தண்ணி கெடக்குது புள்ள. அங்க பாரு” என்றார் நாச்சிமுத்து, கையில் தொலைநோக்கியுடன். “அந்தக் கோள்ல எவனோ வத்தல் காயப் போட்டிருக்கறான். நமக்கு அது தெரியுதுன்னா அவனுக்கு நாம தெரிய மாட்டமா?”

இதற்கு முந்தைய கோளில், பக்கத்துக்காரருடைய நிலாவின் நிழல் நடுப்பகலில் வாசலில் விழுந்தது. நிலாவைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள் என்றார் நாச்சிமுத்து. அதற்கும் முந்தையதில் நான்கு குடும்பங்களுக்குப் பொதுச் சூரியன். பொதுவில் எது இருந்தாலும் வம்புதான் என்று இறங்கவே மறுத்துவிட்டார்.

நாச்சிமுத்து நல்ல மனிதர்தான், பக்கத்தில் ஆள் இல்லாதவரை. அவர்கள் குடியிருந்த சுழல்நகரத்தில் எடை குறைவு. மேல்வீட்டுக்காரர் துவைத்துப் போட்ட வேட்டியிலிருந்து சொட்டிய நீர் கீழே விழாமல் பக்கவாட்டில் மிதந்துவந்து ஒருநாள் நாச்சிமுத்துவின் காப்பியில் இறங்கியது. அந்தச் சொட்டுக்காக அவர் நீதிமன்றம் வரை போனார். அதற்கு முன்னால் குடியிருந்த ஒவ்வொரு வீட்டையும் இப்படி ஏதாவது ஒரு சொட்டுக்காகத்தான் காலி செய்தார்கள். வஞ்சி தங்கள் கல்யாணப் படத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததே இல்லை. எடுத்து மாட்டுவதற்குள் எப்படியும் கிளம்ப வேண்டிவரும்.

சண்டை போட்டுப் போட்டே அவருக்கு அடுத்தடுத்து இரண்டு இதயங்கள் பழுதாகி, இரண்டும் மாற்றியாயிற்று. “இதுவும் போச்சுன்னா இன்னொண்ணு கிடையாதுங்க” என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். புது இதயத்தோடு ஒரு சின்ன விளக்கையும் சட்டைப்பையில் செருகி அனுப்பினார். பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் ஆபத்து. சுழல்நகரத்தில் அது பெரும்பாலும் சிவப்பாகவே எரிந்தது. வத்தலைப் பார்த்ததும் இங்கேயும் சிவந்தது.

வஞ்சி அதைப் பார்த்தாள். இனிக்கும் தண்ணீரையும், இரண்டு நிலாக்களையும், கடலையும் அந்த நிமிடமே மனதிலிருந்து அடித்துவிட்டு, கூட வந்த தரகு எந்திரத்திடம் திரும்பினாள்.

“ரங்கசாமி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு ஒரு மனுசன் இருக்கக்கூடாது. அப்படி ஒரு கோள் இருந்தாக் காட்டு.”

எல்லாத் தரகு எந்திரங்களுக்கும் ரங்கசாமி என்றுதான் பெயர். பேச்சில் கொஞ்சம் கோயம்புத்தூர் வாடை சேர்த்தால் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வருகிறது என்று நிறுவனம் கண்டுபிடித்திருந்தது.

“இருக்குதுங்க. ஆனா அம்மிணி, அக்கம்பக்கம் வேண்டவே வேண்டாமுங்களா? நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க.”

“வேண்டாம்.”

“சரிங்க. அந்தக் கோளுக்குக் காம்பவுண்டுச் சுவர் கட்டற எந்திரம் ஒண்ணு இலவசமுங்க.”

வஞ்சி வாய்விட்டுச் சிரித்தாள். “ஆளே இல்லாத ஊர்ல யாருக்குச் சாமி சுவரு?”

“கெடக்கட்டுமுங்க” என்றது ரங்கசாமி.

அவர்கள் வாங்கிக் குடிபோன அந்தக் கோளில் நிலா கிடையாது. வானம் துருப்பிடித்த தகரத்தின் நிறம். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கி எழுந்து வந்தாலும் அது கல்லாகவே கிடந்தது. ஆனால் நாச்சிமுத்து தொலைநோக்கியை எல்லாத் திசையிலும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒருத்தனுமில்ல!” என்று கூவியபோது அவர் பையில் விளக்கு பச்சையாக எரிந்தது. வஞ்சி அன்றைக்கே ஆணி அடித்துக் கல்யாணப் படத்தை மாட்டினாள். அந்தப் படத்தில் தான் எவ்வளவு ஒல்லியாக இருந்தோம் என்பதை அவளே மறந்துபோயிருந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சில வாரங்கள் சந்தோஷமாகத்தான் கழிந்தன. பிறகு விளக்கு நீலமாயிற்று.

நீலத்தைப் பற்றி மருத்துவர் எதுவும் சொல்லவில்லை. வஞ்சி பதறிப்போய் அவரைத் தொலைமுகத்தில் கூப்பிட்டாள். “நீலமா? நான் பார்த்ததே இல்லையே” என்று அவரும் ஏதேதோ புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இதயத்துக்கு வேலையில்லை, சும்மா இருக்கிறது, இப்படியே விட்டால் நின்றாலும் நின்றுவிடும். 

நாச்சிமுத்து வாசலில் உட்கார்ந்து துருநிற வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு வைத்தால் தின்றார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. பருப்பு வேகவில்லை என்றுகூடத் திட்டவில்லை.

ஒருநாள் அவராகவே எழுந்தார். “எதுக்கும் ஒரு சுவரு கட்டி வச்சிரலாம் புள்ள. பாதுகாப்பா இருக்கும்.”

“யாருகிட்ட இருந்துங்க?”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

இலவச எந்திரம் எருமை அளவில் இருந்தது. முன்பக்கம் மண்ணைத் தின்று பின்பக்கம் சுவராக வைத்துக்கொண்டே போனது. கோள் உருண்டை அல்லவா? வீட்டுக் கொல்லையில் புறப்பட்டு நேரே போய், கோளைச் சுற்றிக்கொண்டு, மறுபுறமாகக் கொல்லைக்கே வந்து சேர்ந்தது. ஆனால் சுவரின் தலையும் வாலும் ஒட்டவில்லை. வால் ஓரடி உள்ளே தள்ளி, வீட்டுப் பக்கமாக வந்து நின்றது.

நாச்சிமுத்து குனிந்தார். சாணால் அளந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் பத்து வயது குறைந்திருந்தது.

“ஏம்புள்ள, இங்க ஓடியா! ஓரடி உள்ள வந்துட்டான்!”

“யாருங்க?”

“அந்தப் பக்கத்துக்காரன்!”

“அந்தப் பக்கமும் நம்மளுதுதானுங்க.”

“நம்மளுதுன்னா? நம்மளுதுன்னு ஓரடிய விட்டுக் குடுத்தர முடியுமா?”

விளக்கு பச்சையாகிவிட்டது. அவர் சுவரில் ஏணி சாய்த்து ஏறி, அந்தப் பக்கத்தைப் பார்த்து நாள்தோறும் சத்தம் போட்டார். “யார்றா அது? தைரியமிருந்தா வெளிய வாடா!” அந்தப் பக்கம் வெறும் மண். ஒரு பூச்சிகூடப் பதில் சொல்லவில்லை. நாளாக நாளாகக் குரல் இறங்கியது. கடைசியில் ஏணியின் மேல்படியில் சும்மா உட்கார்ந்துவிட்டார். விளக்கு மறுபடி நீலம். இம்முறை மங்கிய நீலம்.

வஞ்சி ரங்கசாமியைக் கூப்பிட்டாள். ரங்கசாமி ஆச்சரியப்படவில்லை.

“சுவர் கட்டியாச்சுங்களா?”

“ஆச்சு.”

“ஓரடி உள்ள வந்துச்சுங்களா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எந்திரத்துலயே அப்படித்தானுங்க வச்சிருக்கோம். ஓரடி வந்தாத்தான் ஆளு எந்திரிச்சு நடமாடுவாரு. ஆனா பதில் பேச ஆளில்லீன்னா ரொம்ப நாளைக்குத் தாங்காதுங்க. தனிக்கோள் வாங்குன எல்லாரும் இந்நேரத்துக்குத்தான் கூப்பிடுவாங்க.” எந்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டது. “அண்டையன்னு ஒரு எந்திரம் இருக்குதுங்க. பக்கத்துல குடி வெச்சுக்கலாம். கோளைவிட வெலை கொஞ்சம் கூடுதலுங்க.”

வஞ்சி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, “என்னென்ன வசதி இருக்குது?” என்றாள்.

கோள் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வியில் முடித்தவள், அண்டையனைத் தேர்ந்தெடுக்க அன்று முழுக்க எடுத்துக்கொண்டாள். சாக்கடைத் தண்ணீரைத் திருப்பிவிடுகிறவன் வேண்டுமா, விடியுமுன் பாட்டுப் போடுகிறவன் வேண்டுமா, எதிரே வந்தால் காறித் துப்புகிறவன் வேண்டுமா? கோபக்காரன் வேண்டாம் என்று முதலில் சொன்னாள். பிறகு யோசித்து, கோபம் இருக்கட்டும், குரல் மட்டும் அவரைவிட ஒரு பிடி தாழ்வாக இருக்கட்டும் என்றாள். மன்னிப்புக் கேட்கிற குணத்தை அடியோடு எடுத்துவிடச் சொன்னாள்.

அண்டையன் வந்து இறங்கிய மறுநாள் காலை, சுவருக்கு மேல் ஒரு தகரத் தலை எழுந்தது.

“ஏனுங்க, உங்க செவுரு எங்க பக்கம் ஓரடி வந்திருக்குதே, கண்ணு தெரியாதுங்களா?”

நாச்சிமுத்து இட்லியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினார். “என்ன சொன்னே? எங்க செவுரா? மொதல்ல பத்திரத்தக் காட்டுடா!” அப்புறம் இரண்டு பேரும் பேசியதை அச்சில் போட முடியாது. நடுவில் ஒருமுறை உள்ளே வந்து, மிச்ச இட்லியை நின்றுகொண்டே தின்று, “சட்டினில உப்பே இல்ல” என்று திட்டிவிட்டு மறுபடி ஓடினார். பையில் விளக்கு இளந்தளிர்ப் பச்சை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று வஞ்சிக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியைச் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. அந்தச் சட்டினியைப் பற்றியும்தான். கல்யாணமான நாள்முதல் இந்த மனிதரோடு அவள் பட்ட பாட்டையெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம்தான் கொட்டித் தீர்த்திருக்கிறாள். கொல்லைப்பக்கம் சத்தம் உச்சத்தில் இருந்தபோது அவள் கதவைச் சாத்திவிட்டு, மெதுவான குரலில் ரங்கசாமியைக் கூப்பிட்டாள்.

“அந்த அண்டையனுக்கு ஒரு பொண்டாட்டி கிடைக்குமா?”

“நேத்தே அனுப்பிட்டமுங்க அம்மிணி. உங்க கூப்பாடும் வந்துரும்னு தெரியுமுங்க. காலி டம்ளரோட வந்து காப்பித்தூள் கேக்கும். பேரு பாக்கியமுங்க. உங்க வீட்டுக்காரரைப் பத்தி எவ்வளவு சொன்னாலும், ‘எங்க வீட்லயும் அதே கதைதானுங்க’ன்னு சொல்லுமுங்க.”

வஞ்சிக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்க சொல்லிருங்க” என்றது ரங்கசாமி. “வாங்கிட்டுப் போற காப்பித்தூளைப் பாக்கியம் திருப்பித் தரணுங்களா, வேண்டாமுங்களா?”

வஞ்சி வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“தர வேண்டாம்” என்றாள்.